வேண்டா பிடிக்கும் கயிறு

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு மரமாவது கூரைமேல் சாய்ந்தால், கிளை கரண்டுக் கம்பியை உரசினால், தென்னை பக்கத்து வீட்டுக் காரின்மேல் மட்டையைப் போட்டுச் சண்டை இழுத்து வைத்தால், எல்லாரும் கூப்பிடுவது தனகோடியை. ஆனால் போனை எடுப்பது அவன் பெண்டாட்டி. பாதி நாள் மரத்துமேலேயே குடியிருப்பவன் போனை எங்கே எடுப்பது? அதனால் நம்பரே அவளுடையதுதான். "இன்னா மரம்? வூட்டுப் பக்கமா சாய்ஞ்சிகினு கீதா, ரோட்டுப் பக்கமா?" என்று விவரமாகக் கேட்டுக்கொள்வாள். எல்லாம் பேசி முடிந்ததும் அந்தப் பக்கத்து ஆள் மரியாதைக்காக, "உங்க பேரு என்னம்மா?" என்பார்.

"வேண்டா."

"சும்மா சொல்லுங்கம்மா. நம்பரைச் சேவ் பண்ணத்தான் கேக்கறேன்."

"அதான் சார் பேரு. வேண்டா."

அவள் சிரித்துக்கொண்டு போனை வைத்துவிடுவாள்.

வேடந்தாங்கல் ஏரிக்கு அந்தாண்டை இருக்கிற ஒரு சின்ன ஊரில், மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதாகப் பிறந்தவள் அவள். இனிமேல் பெண் வேண்டாம் சாமி என்று கடவுளுக்குப் புரியும்படி அந்தப் பெண்ணுக்கே பெயராக வைத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பிலேயே இன்னொரு வேண்டா இருந்தாள். கடவுளுக்கும் காது நன்றாகக் கேட்டது. அடுத்ததே ஆண்பிள்ளை, ஜெயக்குமார். ஊரே பாயசம் குடித்தது. "உன்னாலதான்டி அவன் வந்தான்" என்று சொல்லிச் சொல்லியே தம்பியை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். அவளும் அவனைச் சுமந்துகொண்டு சந்தோஷமாகத்தான் திரிந்தாள்.

அந்தப் பெயர் அவளை ஏன் குத்தவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. செங்கல்பட்டுச் சீமையில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சோறு வாணாம், டீ வாணாம், உன் சங்காத்தமே வாணாம். எல்லாம் வாணாம்தான். ஆக, வேண்டா என்ற சொல்லுக்கு அங்கே வேறு வேலையே இல்லை. அது முழுக்க முழுக்க அவளுக்கு மட்டுமே சொந்தம். அப்படியொரு வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை. தனகோடி மரம் ஏறுவான். கீழே கயிறு பிடிக்க ஒரு ஆள் உண்டு, பெயர் கருப்பன். கருப்பன் நல்லவன்தான், ஆனால் சம்பளம் வாங்கிய மறுநாள் அவனை ஊரில் பார்க்க முடியாது. அப்படி ஒரு மறுநாளில் தனகோடி ஒரு வீட்டு வேப்பமரத்தின் உச்சியில் உட்கார்ந்து கருப்பனை ஏழு தலைமுறைக்கும் திட்டிக்கொண்டிருந்தபோது, வேண்டா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். "நான் புடிக்கிறேன், சொல்லு இன்னா பண்ணணும்னு" என்றாள். அவன் முதலில் சிரித்தான். கிளை இறங்கின விதத்தைப் பார்த்தபிறகு சிரிக்கவில்லை. கருப்பன் திரும்பி வந்தபோது அவன் இடம் போயிருந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பார்கள். அவள் ஏறவில்லை, கீழே நின்றே பேயைக் கட்டி மேய்த்தாள்.

வேலை இதுதான். வீடுகளுக்கு நடுவில் நிற்கிற மரத்தை வெட்டித் தள்ளிவிட முடியாது. ஓடு உடையும், மதில் போகும், தண்ணீர்த் தொட்டி நசுங்கும். அதனால் வெட்டப்போகும் கிளையைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை அதற்கு மேலே இருக்கும் ஒரு கவட்டில் போட்டுக் கீழே விடுவான். கீழே அவள் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு காலை மரத்தில் ஊன்றிக்கொண்டு பிடித்து நிற்பாள். அவன் வெட்டினதும் கிளை விழாது, தொங்கும். அவள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட, தூளியில் குழந்தையை இறக்குவதுபோல அது தரைக்கு வரும்.

மேலே இருப்பவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. நடுவில் அத்தனை தழை. அதனால் வெட்டுவதற்கு முன்னால் அவன் ஒரு குரல் கொடுப்பான்: "வேண்டா." அவள் கயிற்றைச் சுற்றியாயிற்றா, கால் ஊன்றியாயிற்றா, கிளை இறங்குகிற இடத்தில் நாய், கோழி, மனுஷன் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "வெட்டு" என்பாள். அவன் வெட்டுவான். ஒரு மரத்துக்கு இருபது கிளை என்றால் இருபது வேண்டா, இருபது வெட்டு. வருஷக்கணக்காக இதே பேச்சு.

வீட்டில் அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ந்தா", "ஏம்மே", மகள் பிறந்தபிறகு "ரேணு அம்மா". வாசற்படி தாண்டி மரத்தில் கால் வைத்தால்தான் அவன் வாயில் அவள் பெயர் வரும். அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வரும். வேண்டாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒரு வெட்கம்.

இந்த இடத்தில்தான் தெய்வநாயகி அம்மா வருகிறாள். அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்; புதுப்பட்டினத்தில் சொந்தமாக வீடு கட்டித் தனியாக இருந்தாள். பிறந்தது நாகர்கோவில் பக்கம். இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட ஊருக்கு விட்டுக்கொடுக்காதவள். கொல்லையில் ஒரு பலாமரம் வைத்திருந்தாள். அவள் அதைச் சக்கைமரம் என்பாள். ஊரிலிருந்து கொட்டை கொண்டுவந்து போட்டது. இந்த உப்புக் காற்றில் பலாவா என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மரம் ஓங்கி வளர்ந்தது, ஆனால் ஒரு காய் காய்க்கவில்லை. கடைசியில் அடுத்த வீட்டு மாடித் தொட்டிமேல் கிளைகள் போய்ச் சாய, அவர்கள் முகம் சுளிக்க, தெய்வநாயகி அம்மா மனசில்லாமல் இரண்டு கிளைகளை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டனுப்பினாள்.

அவளுக்கு வேண்டாவின் பெயர் ஆகவே ஆகாது. "ஒரு பொம்பளப் புள்ளைய மொகத்துக்கு நேரா எப்பிடி வேண்டான்னு கூப்பிட? எனக்கு நாக்கு வராது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "மக்களே" என்றுதான் கூப்பிடுவாள். மக்களே, டீ குடி. மக்களே, கையில சக்கப்பால் ஒட்டும், இந்தா தேங்காண்ணெ. பலாமரத்தை வெட்டினால் பிசின்போலப் பால் வடிந்து கையெல்லாம் பிடித்துக்கொள்ளும்; எண்ணெய் தடவினால்தான் விடும்.

முதல் கிளை நல்லபடியாக இறங்கியது. தனகோடி இரண்டாவது கிளைக்கு நகர்ந்து, கயிறு கட்டி, ரம்ப மிஷினை எடுத்துக்கொண்டிருந்தான். வேண்டாவுக்கு இன்னும் நேரமிருந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, மரத்தடியில் குந்தி, கிண்ணத்து எண்ணெயை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வநாயகி அம்மா அந்த நேரம் பார்த்து மாடிக்குப் போனாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தவளுக்குக் கண் விரிந்துபோயிற்று. வெட்டப்போகிற அந்தக் கிளையில், தழைக்கு உள்ளே ஒளிந்துகொண்டு, கட்டைவிரல் தடியில் முள்ளு முள்ளாகப் பிஞ்சுகள். இத்தனை வருஷத்தில் முதல் காய்ப்பு. வெட்டாதே என்று தன் ஊர்ப் பேச்சில் அவள் கத்தினாள்: "வேண்டா. ஐயோ வேண்டா."

கீழே குந்தியிருந்தவளின் காதில் அவள் பெயர் விழுந்தது. யார் குரல், எங்கேயிருந்து வருகிறது என்றெல்லாம் யோசிக்க நேரம் ஏது? வருஷக்கணக்கான பழக்கதோஷம். கை எண்ணெயில் இருக்கிறது, கயிறு மண்ணில் கிடக்கிறது, வாய் மட்டும் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "வெட்டு."

மேலே மிஷினைப் போட்டுவிட்டுக் கூப்பிட வாயெடுத்தவனுக்கு அந்த ஒரு சொல் போதுமே. அவன் வெட்டினான்.

பிடிக்க ஆளில்லாத கயிறு சர்ரென்று மேலே ஓடியது. கிளை ஒரு பக்கம் பிளந்து, தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு, அடிப்பாகத்தால் தனகோடியின் விலாவில் ஒரு இடி இடித்துவிட்டு வந்தது. வேண்டா நிமிர்ந்து பார்ப்பதற்குள் வானம் முழுக்கப் பச்சையாக இறங்கியது. அவள் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டாள். தழை அவளை மூடியது, தடி அவளுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தியது. இலைச் சந்து வழியாக மேலே பார்த்தால், இடுப்புக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறான் புருஷன்.

அவன் கூப்பிட்டான். "வேண்டா. வேண்டா. வேண்டா." நிறுத்தாமல் கூப்பிட்டான். மாடியிலிருந்து தெய்வநாயகி அம்மாவும் அதையே கத்திக்கொண்டிருந்தாள். வேண்டாவுக்கு வாய் அடைத்துப்போயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல் பெயராகக் கேட்கவில்லை. பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ அந்த அர்த்தத்திலேயே கேட்டது. நீ எனக்கு வேண்டாம், நீ எனக்கு வேண்டாம் என்று மேலிருந்து ஒருவன் சொல்லிக்கொண்டேயிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பதில் சொல்ல அவளால் முடியவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பக்கத்து வீட்டு ஆட்கள் ஏணி கொண்டுவந்து அவனை இறக்கினார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் விலா எலும்பில் கீறல் என்றார்கள், கட்டுப்போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். வேண்டாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

தெய்வநாயகி அம்மா வீடு தேடி வந்தாள். விழுந்த கிளையிலிருந்த பலாப் பிஞ்சை வீணாக்காமல், இடித்துத் தேங்காய் போட்டுத் துவரன் வதக்கி, தூக்கில் கொண்டுவந்தாள். "நா தொண்ட கிழிய வேண்டா வேண்டாங்கேன், இவ கீழ இருந்து வெட்டுங்கா. வெட்டுங்காளே பாவி" என்று சொல்லிச் சொல்லி அவளே சிரித்தாள், பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மரம் போச்சுன்னா போட்டும். ரெண்டு பேரும் இருக்கேளே, அது போதும்" என்றாள். தனகோடி துவரனை ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லா கீதும்மா" என்றான். சிரிக்க முடியவில்லை, விலா வலித்தது.

படூரில் வேலை பார்க்கிற மகள் ரேணுகா வந்தாள். அவள் ஒரு யோசனை சொன்னாள்: மரத்தில் இருக்கும்போது மட்டும் அம்மாவுக்கு வேறு பெயர், ரோஜா. வீட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தார்கள். தனகோடி கட்டிலில் சாய்ந்தபடி, "ரோஜா" என்று கூப்பிட்டான். வேண்டா பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரி ஓடிவந்து, "யாரு ரோஜா, யாரு வந்துகீறா?" என்று கேட்டதுதான் மிச்சம்.

அவன் எழுந்து நடமாடி, முதல் வேலைக்குப் புறப்பட்ட அன்று காலையில்தான் விஷயம் வெளியே வந்தது. வாசலில் தம்பி ஜெயக்குமாரின் வண்டி வந்து நின்றது. வெட்டின கட்டைகளை ஏற்றிப்போகச் சின்ன லோடு வண்டி வைத்திருந்தான் அவன். தனகோடி கயிற்றுச் சுருளை எடுத்து மச்சானின் தோளில் மாட்டினான். "இனிமே நீ கவுறு புடி மச்சான்." வேண்டாவின் பக்கம் திரும்பாமலேயே, "நீ தழ வாரு, போதும்" என்றான்.

"ஏன் மாமா, அக்காவே..." என்று இழுத்தான் ஜெயக்குமார்.

"புடின்னா புடி."

வேண்டா தம்பியின் தோளில் கிடந்த கயிற்றையே பார்த்தாள். அவள் கை தேய்த்துத் தேய்த்து நடுப்பகுதி பட்டுப்போல வழவழப்பாகியிருந்த கயிறு. இவன் வரவேண்டும் என்பதற்காகத்தானே என்னை வேண்டாம் என்று சொல்லிப் பெயர் வைத்தார்கள், இப்போது கயிறும் இவனுக்கா என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே, சீ, அவன் என்ன பண்ணுவான் பாவம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தம்பியின் மேல் அவளுக்குக் கோபம் வராது, வந்ததும் கிடையாது.

அன்றையிலிருந்து அவள் தழை வாரினாள். மாமல்லபுரம் சாலையோரத்துச் சவுக்கு, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வாதாமரம், எங்கோ ஒரு தென்னை. ஜெயக்குமார் கயிறு பிடித்தான். மோசமில்லை, பலசாலி. மேலே தனகோடி இப்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஓய்" என்பான். "வெட்டு மாமா" என்பான் இவன். வேலை நடந்தது. வேண்டாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தன் தப்பு தெரியும். கயிறு கையில் இல்லாமல் வெட்டு என்றவள் அவள்தானே? திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை. ராத்திரி சோறு போடும்போது குழம்பு நல்லா கீது என்கிறான், கால் அமுக்கிவிட்டால் போதும்மே என்கிறான், கயிற்றைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. அவளும் கேட்கவில்லை. மரத்துக்கு மேலும் கீழுமாக நின்று நாளெல்லாம் கத்திப் பேசினவர்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊமையாகிவிட்டார்கள். இதற்கு யாரை நோவது?

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் தெய்வநாயகி அம்மா போன் செய்தாள். பட்டை உரிந்த இடத்தில் மரம் வாய் பிளக்கிறது, அதற்கு மேலே இருக்கிற பெரிய கிளையின் பாரத்தை இறக்காவிட்டால் காற்றுக்கு மரமே இரண்டாகிவிடும். "வேற ஆளெ நா விடமாட்டேன். நீங்கதான் வரணும்" என்றாள்.

மூன்று பேரும் போனார்கள். கொல்லைக் கதவைத் திறந்த தெய்வநாயகி அம்மா முதலில் ஜெயக்குமாரின் தோளைப் பார்த்தாள், பிறகு வேண்டாவின் கையைப் பார்த்தாள்.

"என்ன மக்களே இது? கயிறு அவன்கிட்ட இருக்கு, வாரியலு ஒங்கிட்ட இருக்கு?"

"தொடப்பம்தான் இனிமே எனக்கு" என்று சிரிக்கப் பார்த்தாள் வேண்டா. சிரிப்பு வரவில்லை.

தெய்வநாயகி அம்மா தனகோடியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மரத்தைச் சோதிக்கிறவன்போல அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஏறினான். பிளவு கண்ட மரம், பார்த்துப் பார்த்துத்தான் ஏறவேண்டியிருந்தது. மேல் கவட்டில் கயிற்றைப் போட்டு, கிளையைக் கட்டி, தழைக்குள் மறைந்துபோனான். கீழே ஜெயக்குமார் கயிற்றைச் சுற்றிக் காலை ஊன்றினான். வேண்டா மதில் ஓரமாக நின்றாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "வேண்டா."

இத்தனை வாரத்துக்குப் பிறகு அந்தப் பெயர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெட்டு மாமா" என்றான் ஜெயக்குமார்.

வெட்டு விழவில்லை. மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. மறுபடியும், "வேண்டா."

"வெட்டு மாமா, கவுறு கைலதான் கீது."

அப்போதும் வெட்டவில்லை. தெய்வநாயகி அம்மா பதறிப்போய் வந்து ஜெயக்குமாரின் தோளைப் பிடித்தாள். "எலே, அவன் மேல இருந்து வேண்டா வேண்டாங்கான், நீ வெட்டுன்னு சொல்லுத. அன்னைக்கும் இதுதானே நடந்துது?"

"அது இல்லம்மா" என்றாள் வேண்டா. "என்னியத்தான் கூப்புடுது."

மிஷின் சத்தம் நின்றது. தழைக்குள்ளிருந்து, "மச்சான், கவுற உங்க அக்காகிட்ட குடு" என்றான் தனகோடி. ஜெயக்குமார் காலை எடுக்கப் போனான். அதற்குள், "வாணாம், வாணாம். நீயே புடி" என்றான் மேலிருந்து.

வேண்டாவுக்கு வந்ததே ஒரு கோபம். துடைப்பத்தை வீசியெறிந்தாள். மரத்தடிக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"யோவ், இன்னா நெனச்சிகினு கீற நீ? நான் பண்ணது தப்பு. இல்லன்னு சொல்லல. கைல கவுறு இல்லாம வெட்டுன்னு சொல்லி உன்னியக் கொல்லப் பாத்தேன். அதுக்கு நாலு வார்த்த கேளு, திட்டு, அடிக்கக்கூட அடி. ஒண்ணுமே சொல்லாம கவுற புடுங்கிகினா இன்னா அர்த்தம்? நான் வாணாமா உனுக்கு?"

தெய்வநாயகி அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மேலே இலைகள் அசைந்தன. தனகோடி ஒரு கவடு கீழே இறங்கி வந்து, மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முகம் இப்போதுதான் தெரிந்தது.

"என்னியக் கொல்லப் பாத்தியா? யாரு சொன்னா?" என்றான். "எனக்கு இன்னா ஆச்சி, ஒரு எலும்பு. அன்னிக்கு அந்தக் கெள எங்க வுழுந்திச்சி தெரியுமா? நீ குந்திகினு இருந்த எடத்துல வுழுந்திச்சி. நான் மேலருந்து பாக்கறேன், வெறும் தழைதான் தெரியிது. நீ தெரியல. கூப்புட்டேன். எத்தினி தபா கூப்புட்டேன்? நீ ம்னுகூட சொல்லலயே."

அன்று கிளை குத்திய மண்ணைத் திரும்பிப் பார்த்தாள் வேண்டா.

"மரத்துமேல கீறவனுக்குக் கீழ உன் கொரல வுட்டா இன்னா தெரியும்?" அவன் குரல் உடைந்தது. அதைப் பற்றி அவன் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "நீ செத்துப் பூட்டேன்னுதான் நெனச்சேன். நானே வெட்டிப் போட்டுட்டேன்னு நெனச்சேன். இன்னும் மரத்துல கால வச்சா அதான் நெனப்புக்கு வருது. கெளைக்குக் கீழ நீ நிக்கறது எனக்கு பயமா கீது. போதுமா? இப்ப இன்னான்னா, நீ சொல்லாம எனக்கு வெட்டவும் கை வரமாட்டேங்குது. பேஜாரா கீது. நான் இன்னாதான் பண்றது?"

அன்று அவன் தொங்கிக்கொண்டு கூப்பிட்டதெல்லாம் அவள் காதில் மறுபடி ஒலித்தது. ஐயோ, இதையா நான் அப்படிக் கேட்டேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னிய அப்டி தொங்கப் பாத்து எனக்கு வாய் அடச்சிப் போச்சிய்யா" என்றாள் மெதுவாக. மேலே கேட்டிருக்காது.

ஜெயக்குமார் கயிற்றை நீட்டினான். "புடிக்கா. எனக்கும் இந்தப் பொறுப்பெல்லாம் வாணாம். ராவெல்லாம் தூக்கம் வர்ல."

வேண்டா வாங்கினாள். சுற்றைப் பிரித்துத் தன் கைவாகுக்கு மறுபடி சுற்றினாள். செருப்பை உதறிவிட்டு வலது காலை அடிமரத்தில் ஊன்றினாள். கிளை இறங்குகிற இடத்திலிருந்து நாலு முழம் விலகி, இந்தப் பக்கமாக நின்றாள். தெய்வநாயகி அம்மாவை வாசற்படிக்கு உள்ளே போகச் சொன்னாள். தம்பியை மதிலுக்கு அந்தாண்டை அனுப்பினாள். தனகோடி பழைய இடத்துக்கு ஏறிப்போயிருந்தான். மறுபடியும் வெறும் தழைதான் தெரிந்தது.

"வேண்டா."

ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும். எத்தனை ஆயிரம் தடவை நாக்கு நுனியில் இருந்து தானாக உதிர்ந்த சொல். அவள் தன் கையைப் பார்த்தாள், கயிறு இருந்தது. காலைப் பார்த்தாள். கிளைக்கு நேர் கீழே மண்ணைப் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை. மறுபடி ஒருமுறை கையைப் பார்த்தாள். மேலே அவன் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தான்.

"வெட்டு" என்றாள்.

மிஷின் உறுமியது. மரம் ஒரு குலுங்கு குலுங்கியது. கயிறு அவள் கையைப் பிடித்து இழுத்தது. அவள் பின்னுக்குச் சாய்ந்து தாங்கினாள். கிளை பெரியது, அன்று விழுந்ததைவிடப் பெரியது. ஒரு முறை சுழன்றது, நின்றது, அவள் விரல் சொன்னபடி ஒவ்வொரு சாணாக இறங்கியது. இலைகள் முதலில் மண்ணைத் தொட்டன, பிறகு தடி சத்தமில்லாமல் படுத்தது. கொல்லை முழுக்கத் தூசியும் பச்சை வாசனையுமாக நிறைந்தது. அந்தத் தூசியில் அவளுக்கு அவனைத் தெரியவில்லை, அவனுக்கும் அவளைத் தெரிந்திருக்க வழியில்லை.

"வேண்டா" என்று கூப்பிட்டான் மேலிருந்து.

வெட்ட இனி அங்கே எதுவும் பாக்கியில்லை. வாசற்படியில் நின்ற தெய்வநாயகி அம்மா, இவன் இப்போது எதை வேண்டாம் என்கிறான் என்று விழித்தாள். வேண்டா இருமிக்கொண்டே, கயிற்றை விடாமல், மூச்சை இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"கீறேன்யா. இங்கதான் கீறேன்."